'பேக் டு டைட்டானிக்' சிடியின் கடைசி ட்ராக்கை மீட்ட விதம்

'டைட்டானிக்' படத்தின் இரண்டாவது இசை ஆல்பம் 'பேக் டு டைட்டானிக்'. என்னிடம் இருக்கும் அதன் சிடி பதினோராவது ட்ராக் வரை குறையில்லாமல் ஓடும். பன்னிரண்டில் லேசாகத் திக்கும். பதின்மூன்றாவதாக, கடைசியாக வரும் 'எபிலாக்: தி டீப் அண்ட் டைம்லெஸ் சீ' பாதியைத் தாண்டியதும் டிக், டிக் என்று ஒரே சீராகத் தட்ட ஆரம்பிக்கும். முடிவை நெருங்கும்போது பிளேயர் கையை விரித்துவிடும். பழைய தட்டாகத்தான் வாங்கினேன், வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது. அந்தக் கடைசி ட்ராக்கை ஒரு பிட் கூடக் குறையாமல் கணினிக்குள் கொண்டுவர வேண்டும், அப்புறம் முதல் ஆல்பத்தோடு சேர்த்து ஒழுங்காக அடுக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டும் நடந்தது. எப்படி என்பதை எழுதிவைக்கிறேன்.

முதலில் இந்த ஆல்பத்துக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 'டைட்டானிக்' படத்தின் முதல் இசை ஆல்பம் 1997 நவம்பரில், படம் வெளிவருவதற்கு முன்பே வந்துவிட்டது. 1998இல் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ரா இசையாலான ஓர் ஆல்பத்துக்கு, கடைசிக்கு முந்தைய ட்ராக்காக செலின் டியான் பாட்டு ஒன்று இருந்தது என்றாலும், இது பெரிய விஷயம். அந்த அலை அடங்குவதற்குள் 1998 ஆகஸ்டில் இரண்டாவது ஆல்பம் வந்தது. செப்டம்பர் 1 அன்று படமே வீடியோ கேசட்டாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஆகவே இதை வியாபாரத்துக்காகச் சேர்த்துக் கட்டிய மிச்சம் மீதி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. படத்தில் கேட்டு, முதல் ஆல்பத்தில் தேடி, கிடைக்காமல் போனவை எல்லாம் இதில்தான் இருக்கின்றன. ஜாக் ரோஸை வரையும் காட்சியின் பியானோவைப் படத்தின் இசையமைப்பாளர் ஜேம்ஸ் ஹார்னரே வாசித்த 'தி போர்ட்ரெய்ட்' இதில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு விருந்தில் ஆட்டம் போட வைத்த கேலிக் ஸ்டார்ம் குழுவின் ஐரிஷ் இசை இருக்கிறது. படத்தில் கப்பல் இசைக்குழுவாகவே நடித்த சுவிட்சர்லாந்தின் ஐ சலோனிஸ்டி வாசித்த 'நியரர் மை காட் டு தீ' இருக்கிறது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆல்பத்தின் இரண்டு முனைகளிலும் இருக்கும் நீளமான ட்ராக்குகள். தொடக்கத்தில் வரும் 'டைட்டானிக் சூட்' 19 நிமிடத்துக்கும் மேல் ஓடும். படத்தின் கருப்பொருள் மெட்டுகளை எடுத்து, கச்சேரியில் உட்கார்ந்து கேட்பதற்கென்று ஹார்னர் புதிதாகக் கோத்துக் கொடுத்தது. லண்டன் சிம்பொனி இசைக்குழுவும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழுவும் சேர்ந்து செய்தது. படத்தில் சிந்தசைசர் குரல்களாக ஒலித்த இடங்களில் இங்கே நிஜமான மனிதக் குரல்கள் எழும்பும். 12 நிமிடம் 37 நொடி ஓடும் 'எபிலாக்' அதற்கு மறுமுனை. ஒன்று இல்லாமல் மற்றொன்றைக் கேட்டால் ஆல்பம் பாதியில் நின்றதுபோல்தான் இருக்கும். என் தட்டில் போனது அந்த மறுமுனை.

கடைசி ட்ராக்கே ஏன் அடிபட்டது என்பதற்குக் காரணம் இருக்கிறது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படும். முதல் ட்ராக் மையத் துளைக்கு அருகே, கடைசி ட்ராக் விளிம்பில். தரவு இருக்கும் பகுதி மையத்திலிருந்து 25 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடியும். தரவு ஒரே நீளச் சுருளாக எழுதப்பட்டிருக்கும். அந்தச் சுருளின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே வழக்கமான இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், இந்தக் கணக்கில் 74 நிமிடம்தான் கொள்ளும். இந்த ஆல்பமோ கிட்டத்தட்ட 79 நிமிடம். அவ்வளவையும் அடைக்க வேண்டுமானால் இடைவெளியை 1.5 மைக்ரோமீட்டர் அளவுக்கு, அதாவது தர விதிகள் விட்டுக்கொடுக்கும் எல்லை வரை, நெருக்கியாக வேண்டும். விளிம்பில் ஒரு துளி இடம்கூட மிச்சமிருக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 19 நிமிட 'சூட்' உள்பக்கம் கிட்டத்தட்ட 11 மில்லிமீட்டர் அகல வளையத்தில் பரவியிருக்கிறது. 'எபிலாக்' முழுவதும் வெளி விளிம்பை ஒட்டிய சுமார் 4 மில்லிமீட்டர் வளையத்துக்குள் அடங்கிவிடுகிறது. வெளியே சுற்றளவு பெரிது என்பதால் குறைந்த அகலத்தில் நிறைய நிமிடம் பிடிக்கும். சிடியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது நம் விரல் எங்கே படுகிறது? அந்த 4 மில்லிமீட்டரில்தான். 60 நிமிடத்தில் முடிகிற ஆல்பம் என்றால் விளிம்பில் வெற்றிடம் இருக்கும், விரல் பட்டாலும் தேய்ந்தாலும் இசைக்குச் சேதமில்லை. இதில் அந்த இடத்தில்தான் முடிவுரையே எழுதியிருக்கிறது.

டிக் டிக் சத்தத்தையும் கவனித்துக் கேட்டேன். நொடிக்கு மூன்று டிக், அதற்குக் கொஞ்சம் மேலே. சிடியை விளிம்பில் படிக்கும்போது தட்டு நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றும் (உள்பக்கம் படிக்கும்போது 460க்கு அருகில்). 200ஐ 60ஆல் வகுத்தால் நொடிக்கு 3.3 சுற்று. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு முறை அடிபடுகிறது. அப்படியென்றால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி, சுருளைக் குறுக்கே வெட்டிப்போகும் ஒரு கீறல் இருக்கிறது என்று அர்த்தம். தட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோது அது சரியாகவே தெரிந்தது: விளிம்பிலிருந்து உள்நோக்கி, நகத்தை ஓட்டினால் மாட்டும் ஆழத்தில். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. விளிம்பை ஒட்டி, சுருள் ஓடும் திசையிலேயே வில்லாக வளைந்த ஒரு தேய்மானம். பார்வைக்கு முதல் கீறல்தான் மோசம். உண்மையில் கழுத்தறுப்பது இரண்டாவது.

ஏனென்றால் சிடிக்குள் பிழை திருத்தும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. இசைத் தரவை வரிசையாக எழுதாமல், துண்டு துண்டாகக் கலைத்துப் பரப்பி, ரீட்-சாலமன் என்னும் கணித முறையில் கூடுதல் சரிபார்ப்புத் தரவும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். அதனால் சுருள் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தரவு தொடர்ச்சியாகக் காணாமல் போனாலும், பிளேயரால் அதைப் பிழையே இல்லாமல் மறுபடி கணக்கிட்டு எடுக்க முடியும். குறுக்கே போகும் கீறல், அகலம் குறைவு என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் சிறு துணுக்கைத்தான் விழுங்கும். நீளவாட்டில் ஓடும் தேய்மானம் ஒரே சுற்றில் பல மில்லிமீட்டரை விழுங்கிவிடும். சிடியை வட்டமாகத் துடைக்காதே, மையத்திலிருந்து வெளியே நேர்கோட்டில் துடை என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

பாலிஷ் போடும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இருட்டில் தட்டின் லேபிள் பக்கம் டார்ச் அடித்து, பளபளக்கும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஊசி முனைபோல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே அலுமினியப் படலமே போய்விட்டது, பாலிஷ் ஒன்றும் செய்யாது. பலரும் பளபளக்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாப்பார்கள். அந்தப் பக்கம் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இருக்கிறது. லேசர் அதன் மேற்பரப்பில் படும்போது கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் அகலத்தில் விரிந்திருக்கும், உள்ளே போய்த்தான் குவியும். அதனால் மேலே இருக்கும் தூசியும் மெல்லிய கீறலும் அதற்கு மங்கலாகத்தான் தெரியும். லேபிள் பக்கமோ, அலுமினியத்துக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே வார்னிஷ் போன்ற மெல்லிய லாக்கர் பூச்சு மட்டுமே. அங்கே பட்ட கீறலுக்கு மருந்தில்லை. என் தட்டில் புள்ளி எதுவும் தெரியவில்லை. தரவு அத்தனையும் உள்ளே பத்திரமாக இருக்கிறது, அதன் மேல் இருக்கும் ஜன்னல்தான் கலங்கியிருக்கிறது. இது தெரிந்ததும் பாதி வேலை முடிந்த தெம்பு வந்தது.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டுக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தேன். விரல் எண்ணெய் போனதிலேயே பன்னிரண்டாவது ட்ராக் சரியாகிவிட்டது. ஐலீன் ஐவர்ஸ் ஃபிடிலில் வாசிக்கும் அந்தச் சிறிய துண்டு திக்கியதற்குக் கீறலே காரணமில்லை, வெறும் அழுக்கு.

படிப்பதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளைப் பாதுகாப்பு முறையில் வைத்தேன். ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்பப் படித்து, படித்தவை ஒத்துப்போனால்தான் ஏற்கும். எந்த நிமிடம், எந்த நொடியில் சந்தேகம் என்று கடைசியில் அறிக்கையும் தரும். இந்த அறிக்கை வைத்தியருக்கு நாடி மாதிரி. இதை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுத்தேன். லேப்டாப்புக்கான மெல்லிய டிரைவ் கடைசி ட்ராக்கின் நடுவிலேயே திணறி நின்றது. மேசைக் கணினியின் பழைய தடிமனான டிரைவ் அதே தட்டை முடிவு வரை படித்தது, பிழைகளோடுதான் என்றாலும். கையில் இரண்டு டிரைவ் இருந்தால், பாலிஷைத் தொடுவதற்கு முன் இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். வேகத்தையும் மாற்றிப் பார்க்கலாம். மிக மெதுவாகப் படித்தால்தான் நல்லது என்று பொதுவாகச் சொன்னாலும், சில டிரைவ்கள் நடுத்தர வேகத்தில்தான் நிலையாகப் படிக்கின்றன. என்னுடையதும் அந்த ரகம்.

இனி பாலிஷ். பற்பசை போடலாம் என்று பலர் சொல்வார்கள். அதிலிருக்கும் துகள் பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தெளிவான பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் நுண்ணிய பாலிஷை எடுத்துக்கொண்டேன். தட்டைக் கையில் பிடித்துத் தேய்க்கக் கூடாது. அழுத்தத்தில் வளையும், லேபிள் பக்கத்து லாக்கர் விரிசல் விடும். சமமான மேசையில் சுத்தமான பருத்தித் துணியை மடித்துப் போட்டு, லேபிள் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தேன். உள்பக்க ட்ராக்குகள் நன்றாக இருக்கும்போது அங்கே கைவைப்பானேன்? வெளி விளிம்பின் பத்து மில்லிமீட்டர் பட்டையில் மட்டும் வேலை.

விரல் நுனியில் துணியைச் சுற்றி, மிளகளவு பாலிஷ் தொட்டு, மையப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராக இழுக்க வேண்டும். திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். முதலில் அந்த இடம் முன்பைவிட மோசமாக, பால் தெளித்ததுபோல மங்கும். பயப்பட வேண்டாம். அழுத்தாமல் அதே திசையில் தொடர்ந்தால் மங்கல் மெல்ல விலகி, பளபளப்புத் திரும்பும். நீளவாட்டுத் தேய்மானம் சீக்கிரமே கரைந்துபோனது, அது மேலோட்டமானது. நகத்தில் மாட்டிய குறுக்குக் கீறல் போகவில்லை, போக வைக்க நான் முயலவும் இல்லை. அதன் அடி வரை பிளாஸ்டிக்கைச் சீவி எடுத்தால் அந்த இடம் பள்ளமாகி, லேசர் குவிவதே தடுமாறும். கீறலின் இரண்டு கரைகளும் கூர்மையாக நின்று ஒளியைச் சிதறடிப்பதுதான் தொல்லை. கரைகள் மழுங்கினால் போதும். நகம் மாட்டாமல் வழுக்கிப் போனதும் நிறுத்திவிட்டேன். மறுபடி சோப்புக் கழுவல், ஒற்றல், டிரைவ்.

சந்தேக இடங்களின் பட்டியல் வெகுவாகச் சுருங்கியது. டிக் டிக் அடங்கிவிட்டது. காதால் கேட்டால் இனி எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் சில இடங்களில் படித்தவை இன்னும் ஒத்துப்போகவில்லை. அக்யூரேட்ரிப் தரவுத்தளம் இதே சிடியைப் படித்த மற்றவர்களின் சரிபார்ப்பு எண்களை வைத்திருக்கும். முதல் பன்னிரண்டு ட்ராக்கும் அதோடு பொருந்தின, பதின்மூன்று மட்டும் பொருந்தவில்லை. மேலும் மேலும் பாலிஷ் போட எனக்கு மனமில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிளாஸ்டிக்கை இழக்கிறோம்.

இந்த இடத்தில் கை கொடுத்தது கியூடூல்ஸ் என்னும் மென்பொருள். அதன் தரவுத்தளம் சரிபார்ப்பு எண்ணோடு நிற்காது, பழுது நீக்கும் தரவையும் வைத்திருக்கிறது. சிடிக்குள் இருக்கும் அதே ரீட்-சாலமன் கணக்குத்தான், இங்கே முழு ஆல்பத்துக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். வேறு யாரோ நல்ல தட்டிலிருந்து படித்தபோது உருவான அந்தக் கூடுதல் தரவை வைத்து, என் கோப்பில் எந்தெந்த சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய அளவீட்டுத் துணுக்கு) தவறு என்று கண்டுபிடித்து, சரியான மதிப்பைக் கணக்கிட்டுப் போட்டுவிடும். பிழை குறைவாக இருந்தால்தான் இது நடக்கும். பாலிஷுக்கு முன் படித்த கோப்பைக் கொடுத்தபோது முடியாது என்றது, பின் படித்ததைக் கொடுத்தபோது முடியும் என்றது. ஆகவே பாலிஷ் வேலை வீணில்லை. பழுது நீக்கி மறுபடி சரிபார்த்தபோது பதின்மூன்றாவது ட்ராக்கும் அக்யூரேட்ரிப்போடு பொருந்தியது. ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் சேமித்து, அறிக்கைக் கோப்பையும் அதே கோப்புறையில் போட்டுவைத்தேன்.

அன்றிரவு ஹெட்ஃபோனில் 'எபிலாக்' முழுவதையும் கேட்டேன். முன்பு டிக் டிக் தொடங்கும் இடம் வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டேன். வெறும் இசைதான் இருந்தது. கடைசி நிமிடங்கள் அந்தத் தட்டிலிருந்து என் காதுக்கு வந்தது அதுதான் முதல் முறை.

அடுத்து அடுக்கும் வேலை. முதல் ஆல்பத்தில் 15 ட்ராக், இதில் 13, மொத்தம் 28. படம் ஓடும் வரிசையில் கேட்க ஒரு பட்டியல் தயாரித்தேன். முதல் ஆல்பமே பட வரிசையில் இல்லை. கப்பல் முனையில் கை விரித்து நிற்கும் காட்சிக்கான 'ரோஸ்', கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் 'லீவிங் போர்ட்' ட்ராக்குக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. அதை இடம் மாற்றி, முன்னால் ஐரிஷ் விருந்தும் பின்னால் 'தி போர்ட்ரெய்ட்' பியானோவும் வைத்தேன். பியானோ முடிந்ததும் பனிப்பாறையில் மோதும் 'ஹார்ட் டு ஸ்டார்போர்ட்'. இரண்டாவது ஆல்பத்தின் 'எ பில்டிங் பேனிக்' முதல் ஆல்பத்தின் மூழ்கும் காட்சி இசையோடு இழைந்துபோகிறது. ஐ சலோனிஸ்டியின் பிரார்த்தனைப் பாட்டு 'டெத் ஆஃப் டைட்டானிக்' தொடங்குவதற்குச் சற்று முன்னால். ஒன்றோடொன்று கலந்து தேய வைக்கும் கிராஸ்ஃபேட் எங்கும் போடவில்லை. பியானோவுக்கும் பனிப்பாறைக்கும் நடுவே மட்டும் மூன்று நொடி மௌனம் விட்டேன்.

ஒலி அளவில் கவனம் தேவைப்பட்டது. ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியாகச் சமப்படுத்தச் சொன்னால், ஒற்றைப் பியானோ முழு ஆர்கெஸ்ட்ராவின் உரத்துக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஹார்னரின் விரல்கள் அப்படிக் கத்துவதைக் கேட்கச் சகிக்காது. ஆல்பம் வாரியாகச் சமப்படுத்தினால் இரண்டு தட்டுக்கும் இரண்டு அளவு வரும், கலந்து கேட்கும்போது ஏற்ற இறக்கம் தெரியும். 28 ட்ராக்கையும் ஒரே ஆல்பமாகக் காட்டி ரீப்ளேகெயின் அளவு எடுத்தால் இரண்டு சிக்கலும் தீரும். கோப்பிலிருக்கும் இசை மாறாது, பிளேயருக்கு ஒரு குறிப்பு மட்டும் சேரும்.

பட வசனங்கள் கலந்த 'மை ஹார்ட் வில் கோ ஆன்' பதினோராவது ட்ராக்காக இருக்கிறது. வசனத்தைப் பிரித்தெடுக்க நான் முயலவில்லை. பட்டியலில் அதற்குப் பதில் முதல் ஆல்பத்தின் பாட்டு இருக்கிறது. 'சூட்', 'எபிலாக்' இரண்டையும் பட வரிசைக்குள் கொண்டுவரவே இல்லை. எந்தக் காட்சிக்கும் சொந்தமில்லாதவற்றை வெட்டிச் சொருகுவது அநியாயம். அவற்றைக் கேட்க வேண்டுமானால் இரண்டாவது ஆல்பத்தை அதன் சொந்த வரிசையில், முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் கேட்கிறேன்.

சிடி பிளேயரில் போட ஒரு நகலும் எழுதினேன். 74 நிமிட வெற்றுத் தட்டு இதற்குப் பத்தாது, 80 நிமிடத் தட்டு வேண்டும். முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்தால் ட்ராக்குகளுக்கு நடுவே தேவையில்லாத இரண்டு நொடி இடைவெளி விழாது. மூலத் தட்டு பெட்டிக்குள் போய்விட்டது. இனி அதை எடுக்க நேர்ந்தால், நடுக் குமிழை விரலால் அழுத்தித் தட்டைத் தளர்த்திவிட்டு, மையத் துளையிலும் விளிம்பின் ஓரத்திலும் மட்டும் பிடித்துத் தூக்குவேன்.